ஆந்தோர் லிலியந்தால்: ஒரே ஆட்டத்துக்குள் அடங்காத 99 ஆண்டுகள்

செஸ் ஆடுகிறவர்களிடம் ஆந்தோர் லிலியந்தால் என்று பெயரைச் சொன்னால், “ராணியைக் கொடுத்துக் கபாபிளாங்காவை ஜெயித்தாரே, அவரா?” என்று கேட்பார்கள். அவரேதான். அந்த ஆட்டம் நடந்தபோது அவருக்கு 23 வயது. அதற்குப் பிறகு 75 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். சோவியத் சாம்பியன்ஷிப்பில் முதலிடத்தைப் பகிர்ந்தார், உலகப் பட்டத்துக்கு ஒரு படி கீழே இருக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி வரை போனார், பின்னாளில் உலகச் சாம்பியன்களான இருவரில் பெட்ரோசியனுக்குப் பயிற்சி கொடுத்தார், ஸ்மிஸ்லோவின் உலகப் பட்டப் போட்டிகளில் துணை நின்றார். 26 நகர்த்தல் மட்டுமே நீண்ட ஓர் ஆட்டம் இதையெல்லாம் மறைத்துவிட்டது.

அந்த ஆட்டத்தை ஒதுக்கிவிட்டு இவரைப் பற்றி எழுத முடியாது, அதைப் பார்த்துவிடுவோம். ஆனால் அவர் வாழ்க்கையின் முடிச்சு 1940-41இல் விழுந்தது என்று நினைக்கிறேன். நாம் அதிக நேரம் நிற்க வேண்டிய இடமும் அதுதான்.

மாஸ்கோவில் பிறந்த ஹங்கேரியர்

1911 மே 5 அன்று மாஸ்கோவில், ஹங்கேரிய யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இரண்டு வயதிலேயே குடும்பத்தோடு ஹங்கேரிக்கு வந்துவிட்டார். அவர் வளர்ந்த காலத்தில் ஹங்கேரி செஸ்ஸில் பெரிய நாடு. 1927இல் லண்டனில் நடந்த முதல் ஒலிம்பியாடையும் 1928இல் ஹேக்கில் நடந்த இரண்டாவதையும் அந்த நாடுதான் வென்றது. கேஸா மரோட்சி போன்ற ஜாம்பவான்கள் அப்போது ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஓர் இளைஞன் மேலே வருவது எளிதல்ல, வந்த பிறகு அதை வைத்துப் பிழைப்பது அதைவிடக் கஷ்டம்.

அன்றைய ஐரோப்பாவில் செஸ் என்பது காபி கடைகளில் வளர்ந்த கலை. சில்லறைக் காசு பந்தயம் கட்டி ஆடுவதும், கூட்டத்துக்கு முன்னால் ஒரே நேரத்தில் பலரோடு ஆடிக் காட்டுவதும், எப்போதாவது போட்டியில் பரிசுப் பணம் கிடைப்பதும்தான் தொழில்முறை ஆட்டக்காரரின் வரும்படி. லிலியந்தாலும் அந்த வழியில் வந்தவர். பாரிஸில் உலகச் சாம்பியன் அலெகைனோடு மின்னல் வேக ஆட்டங்கள் ஆடி, அதில் தன் கையே ஓங்கியிருந்ததை முதிர்ந்த வயதிலும் சொல்லிச் சந்தோஷப்படுவார்.

1933-34 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் அந்த அலெகைனோடு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். முதலிடம் சாலோ ஃப்ளோருக்கு. 1934இல் உய்பெஷ்டில் நடந்த போட்டியில் ஃப்ளோரை முந்தி முதலிடம் பிடித்தார். 22, 23 வயதில் ஐரோப்பாவின் முன்வரிசைக்கு வந்துவிட்டார் என்று இதை வைத்தே சொல்லலாம்.

நாட்டுக்காக ஆடியதிலும் குறை வைக்கவில்லை. 1933 ஃபோக்ஸ்டன், 1935 வார்சா, 1937 ஸ்டாக்ஹோம் என்று மூன்று ஒலிம்பியாடுகளில் ஹங்கேரிக்காக 49 ஆட்டங்கள் ஆடினார். 27 வெற்றி, 20 டிரா, 2 தோல்வி. வார்சாவில் இரண்டாம் பலகையில், அதாவது அணியின் இரண்டாவது ஆட்டக்காரராக, 19 ஆட்டங்களில் 15 புள்ளி எடுத்துத் தனிநபர் தங்கம் வாங்கினார். ஸ்டாக்ஹோமில் அணிக்கு வெள்ளி கிடைத்தது. 49 ஆட்டங்களில் இரண்டே தோல்வி என்பதைக் கவனியுங்கள். ராணிப் பலி என்றதும் எதையும் தூக்கி எறிந்து ஆடும் அதிரடிக்காரர் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் புள்ளிவிவரம் காட்டுகிறவர் லேசில் தோற்காத, கணக்கோடு ஆடும் மனிதர்.

ஹேஸ்டிங்ஸ், 20ஆவது நகர்த்தல்

1934-35 ஹேஸ்டிங்ஸ் போட்டி. எதிரே முன்னாள் உலகச் சாம்பியன் ஹோசே ரவுல் கபாபிளாங்கா, வயது 46. தோல்வி என்பதையே மறந்தவர் என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கியவர். லிலியந்தாலுக்கு வெள்ளைக் காய்கள். நிம்சோ-இந்தியத் தொடக்கத்தில் ஸெமிஷ் முறை: பிஷப்பைச் சீண்டி வெட்ட வைத்து, சிப்பாய் அமைப்பு கொஞ்சம் குலைந்தாலும் பரவாயில்லை, நடுப்பலகை எனக்கு வேண்டும் என்று ஆடும் வழி.

கபாபிளாங்கா ஒரு பிஷப் ஜோடியை மாற்றி, ராணிகளையும் மாற்றிவிடப் பார்த்தார். ராணிகள் போய்விட்டால் வெள்ளையின் ஓட்டைச் சிப்பாய்களை நிதானமாகப் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். அந்த மும்முரத்தில் கோட்டை கட்டவில்லை. ராஜா நடுவிலேயே, இ8 கட்டத்தில் நின்றது (பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்). லிலியந்தால் எஃப் சிப்பாயை எஃப்4, எஃப்5 என்று தள்ளிக்கொண்டே போனார். 19ஆவது நகர்த்தலில் கபாபிளாங்காவின் ராணி இ4இல் இருந்த சிப்பாயை வெட்டியது. இப்போது கறுப்பு ராணி சி2இல் நிற்கும் வெள்ளை ராணியை நேராகப் பார்க்கிறது. யாராக இருந்தாலும் இங்கே ராணிகளை மாற்றுவார்கள், இல்லையென்றால் ராணியை நகர்த்துவார்கள்.

லிலியந்தால் இரண்டையும் செய்யவில்லை. இ5 சிப்பாயால் எஃப்6 குதிரையை வெட்டினார். ராணியை எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார்.

கபாபிளாங்கா எடுத்துக்கொண்டார். அந்தச் சிப்பாய் அடுத்து ஜி7ஐ வெட்டி, மூலையில் இருந்த யானையைத் தாக்கியது. யானை ஜி8க்கு நகர்ந்தது. இப்போது கறுப்பு ராஜாவைச் சுற்றி இருக்கும் கட்டங்களைப் பாருங்கள். எஃப்8ஐ ஜி7 சிப்பாய் காவல் காக்கிறது. எச்4இல் இருக்கும் பிஷப் இ7ஐயும் டி8ஐயும் அடைத்துவிட்டது. டி7இல் சொந்தக் குதிரை, எஃப்7இல் சொந்தச் சிப்பாய். ராஜாவுக்கு அசைய ஒரு கட்டம் கிடையாது. இ வரிசையில் ஒரு யானை வந்து செக் சொன்னால் போதும், நடுவில் எதையாவது நிறுத்தி மறிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

22ஆவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை டி4க்கு வந்தது. ஒரே நகர்த்தலில் இரண்டு வேலை: கறுப்பு ராணியைத் தாக்குகிறது, இ வரிசையையும் திறந்துவிடுகிறது. கபாபிளாங்கா ராணியையே இ4இல் கொண்டுவந்து குறுக்கே நிறுத்த வேண்டியதாயிற்று. யானை வந்து ராணியை வெட்டியது, அந்த யானையை வெட்டிய குதிரையையும் அடுத்த யானை கட்டிப்போட்டு வெட்டியது. 26ஆவது நகர்த்தலில் கபாபிளாங்கா ஆட்டத்தை விட்டார். அப்போது வெள்ளையிடம் ஒரு யானை, குதிரை, பிஷப். கறுப்பிடம் இரண்டு யானைகள்.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது ராணியைக் கொடுத்த துணிச்சல் மட்டுமல்ல. அந்த ஜி7 சிப்பாய் எஃப்8 கட்டத்தை அடைக்கும் என்பதையும் பிஷப் அந்தப் பக்கம் டி8ஐ அடைக்கும் என்பதையும் அவர் முன்கூட்டியே பார்த்திருக்கிறார். கணக்குப் போட்டு முடித்துவிட்டுத்தான் ராணியைக் கைவிட்டார்.

அந்தப் போட்டியில் லிலியந்தால் முதலிடம் பெறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யூவே, ஃப்ளோர், தாமஸ் மூவரும் 6.5 புள்ளியோடு முதலிடத்தைப் பகிர்ந்தார்கள். கபாபிளாங்கா 5.5. லிலியந்தாலும் போட்வின்னிக்கும் தலா 5. ஓர் ஆட்டம் அழியாப் புகழ் கொடுத்தது, போட்டி அட்டவணை ஐந்தாம் இடம்தான் கொடுத்தது.

மீண்டும் மாஸ்கோ

1935 தொடக்கத்தில் மாஸ்கோவில் நடந்த சர்வதேசப் போட்டிக்கு அழைப்பு வந்தது. 10 புள்ளியோடு நடு வரிசையில் முடித்தார். ஆனால் அங்கே அவர் கண்டது வேறு உலகம். காபி கடையில் காசுக்கு ஆடிய தொழிலை அரசாங்கமே தாங்கிப் பிடித்தது. செஸ்ஸைப் பார்க்க மக்கள் திரண்டு வந்தார்கள். அந்த ஆண்டே சோவியத் யூனியனில் தங்கிவிட்டார். 1939இல் குடிமகனும் ஆனார். அதற்கு நடுவில் 1937 ஒலிம்பியாடில் மாஸ்கோவிலிருந்து போய் ஹங்கேரிக்காக ஆடியிருக்கிறார்.

அது பத்திரமான இடம் என்று அன்று யாரும் உறுதி சொல்லியிருக்க முடியாது. சோவியத் செஸ்ஸின் தலைவராக இருந்த கிரிலென்கோவே 1938இல் சுட்டுக்கொல்லப்பட்டார். ஜெர்மனியை விட்டு மாஸ்கோவுக்கு வந்திருந்த முன்னாள் உலகச் சாம்பியன் லாஸ்கர் 1937இல் அங்கிருந்தும் கிளம்பிப் போய்விட்டார். இன்னொரு பக்கம், ஹங்கேரியிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஸ்டாக்ஹோமில் வெள்ளி வென்ற அதே அணி சாட்சி. அவரோடு ஆடிய எண்ட்ரே ஸ்டெய்னரும் கோர்னேல் ஹவாசியும் போரின் இறுதிக் கட்டத்தில், யூதர்கள் அடைக்கப்பட்ட முகாம்களில் மடிந்தார்கள். ஐந்து பேர் அணியில் இரண்டு பேர். லிலியந்தால் 99 வயது வாழ்ந்தார் என்று எழுதும்போது, அந்த வயதுக்கு 1935இல் எடுத்த முடிவும் ஒரு காரணம் என்பதை விட்டுவிடக் கூடாது. உடம்பு வலு மட்டும் போதாத காலம் அது.

1940: ஜெயித்தவர்களிடமிருந்து நழுவிய பட்டம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

1940 செப்டம்பர், அக்டோபரில் மாஸ்கோவில் 12ஆவது சோவியத் சாம்பியன்ஷிப் நடந்தது. 20 பேர், 19 சுற்று. போட்வின்னிக்தான் ஜெயிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்த போட்டி. சோவியத் யூனியனோடு எஸ்டோனியா சேர்க்கப்பட்டதால் பால் கெரெஸும் வந்திருந்தார். 19 வயது ஸ்மிஸ்லோவும் களத்தில் இருந்தார். உலகத்தில் அன்று இதைவிடக் கடினமான போட்டி அபூர்வம்.

முடிவில் அட்டவணையின் உச்சியில் இரண்டு பெயர்கள்: லிலியந்தால், இகோர் போண்டரெவ்ஸ்கி. இருவருக்கும் 13.5 புள்ளி. ஸ்மிஸ்லோவ் 13, கெரெஸ் 12. போட்வின்னிக்கும் போலெஸ்லாவ்ஸ்கியும் 11.5. லிலியந்தால் 8 வெற்றி, 11 டிரா, ஒரு தோல்விகூட இல்லை.

இரண்டு பேர் சமமாக நின்றால் அவர்களுக்குள் ஒரு போட்டி வைத்து யார் சாம்பியன் என்று முடிவு செய்வதுதான் வழக்கம். இங்கே அது நடக்கவில்லை. அதற்குப் பதிலாக, முதல் ஆறு பேரையும் கூப்பிட்டு, ஒவ்வொருவரும் மற்ற ஐவரோடும் நான்கு நான்கு ஆட்டங்கள் ஆட வேண்டும் என்று புதுப் போட்டி ஏற்பாடு செய்தார்கள். அதற்கு ‘முழுமுதல் சாம்பியன்ஷிப்’ என்று பெயர். 11.5 எடுத்த போட்வின்னிக்குக்கு இதனால் இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. உலகப் பட்டத்துக்கு அலெகைனை எதிர்த்து யாரை அனுப்புவது என்ற கேள்வி அப்போது மேலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பொருத்தமானவர் போட்வின்னிக் என்ற எண்ணம் அங்கே வலுவாக இருந்தது.

1941 வசந்த காலத்தில் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலுமாக ஒவ்வொருவரும் 20 ஆட்டங்கள் ஆடினார்கள். போட்வின்னிக் 13.5, கெரெஸ் 11, ஸ்மிஸ்லோவ் 10, போலெஸ்லாவ்ஸ்கி 9, லிலியந்தால் 8.5, போண்டரெவ்ஸ்கி 8. முந்தைய இலையுதிர் காலத்தில் முதலிடம் பிடித்த இரண்டு பேரும் கடைசி இரண்டு இடங்களில்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். போட்வின்னிக் உண்மையிலேயே பலசாலி, 1941 அதை நிரூபித்தது, ஆகவே ஏற்பாடு சரிதான் என்பது ஒரு வாசிப்பு. அவர் பலசாலி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. 1948இல் உலகச் சாம்பியனானவர். ஆனால் விதியை ஆட்டம் முடிந்த பிறகு மாற்றியது மாற்றியதுதான். 19 சுற்று தோற்காமல் ஆடி முதலிடத்துக்கு வந்தவருக்கு, போண்டரெவ்ஸ்கியோடு நேருக்கு நேர் மோதிப் பட்டத்தை வெல்லும் உரிமை இருந்தது. அது கொடுக்கப்படவில்லை. அடுத்து வந்த முடிவு, முன்னால் செய்த அநியாயத்தை நியாயமாக்கிவிடாது.

போட்டி முடிந்து சில வாரங்களில், 1941 ஜூன் 22 அன்று, ஜெர்மனி சோவியத் யூனியன்மீது படையெடுத்தது. 30 வயது லிலியந்தாலின் உச்சக் காலத்தைப் போர் விழுங்கியது. அவருக்கு மட்டுமல்ல, அந்தத் தலைமுறை முழுவதற்கும் அதே கதிதான்.

புடாபெஸ்டில் பத்து பேர்

போருக்குப் பிறகும் அவர் சளைக்கவில்லை. 1948இல் ஸ்வீடனின் சால்ட்ஷேபாடனில் நடந்த முதல் இன்டர்சோனல் போட்டியில் 11 புள்ளியோடு ஐந்தாம் இடம். அதன் பலனாக 1950இல் முதல் கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற்றார். அது நடந்த ஊர் புடாபெஸ்ட். இளமையில் விட்டுவந்த ஊருக்கு, சோவியத் கொடியின் கீழ் ஆட வந்தார். ஹங்கேரியின் சார்பில் ஆடியவர் லாஸ்லோ ஸாபோ, 1937 வெள்ளி அணியில் இவரோடு இருந்தவர். முடிவில் லிலியந்தால், ஸாபோ, பழைய நண்பர் ஃப்ளோர் மூவருக்கும் 18 ஆட்டங்களில் தலா 7 புள்ளி, கடைசி இடம். உலகப் பட்டத்தை நோக்கிய அவர் பயணம் அங்கே முடிந்தது.

அதே 1950இல் சர்வதேசச் செஸ் கூட்டமைப்பு கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அதிகாரபூர்வமாக்கி முதல் 27 பேரை அறிவித்தது. லிலியந்தால் அதில் ஒருவர். 1865இல் பிறந்த ஜாக் மீசஸும், லிலியந்தாலின் பிள்ளைப் பருவத்து நாயகர்களான மரோட்சி, ரூபின்ஸ்டைனும் அதே பட்டியலில் இருந்தார்கள். ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்தின் தொடக்கத்துக்குப் பெயர் கொடுத்த ஸெமிஷும் உண்டு.

பக்கத்து நாற்காலி

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. மேடையின் நடு நாற்காலி கிடைக்காது என்று தெரிந்ததும் கசந்துபோய் ஒதுங்கவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். 1951 முதல் 1960 வரை டிக்ரான் பெட்ரோசியனுக்குப் பயிற்சியாளர். போட்வின்னிக்கோடு ஸ்மிஸ்லோவ் மோதிய உலகப் பட்டப் போட்டிகளில் ஸ்மிஸ்லோவின் துணை. ஸ்மிஸ்லோவ் 1957இல் பட்டம் வென்றார், பெட்ரோசியன் 1963இல் வென்றார். இருவரும் தோற்கடித்தது போட்வின்னிக்கைத்தான்.

போண்டரெவ்ஸ்கியும் இதே வழியில் போனார். அவர் போரிஸ் ஸ்பாஸ்கியின் பயிற்சியாளர் ஆனார். 1969இல் ஸ்பாஸ்கி பெட்ரோசியனிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்தார். ஆக, 1940இல் பட்டம் மறுக்கப்பட்ட இரண்டு பேரின் கைவண்ணமும் பின்னாளில் மூன்று உலகச் சாம்பியன்களிடம் இருந்தது. அன்று மேலிடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

துணை ஆட்டக்காரரின் வேலை என்னவென்று வெளியிலிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அந்தக் காலத்தில் ஐந்து மணி நேரம் ஆடியும் முடியாத ஆட்டத்தை ஒத்திவைத்து, அடுத்த நகர்த்தலை உறையில் போட்டு மூடிவிடுவார்கள். ஆடியவர் தூங்கப் போவார். துணைவர் விடிய விடிய அந்த நிலையை அலசி, காலையில் என்னென்ன ஆடலாம் என்று தயாராக வைத்திருப்பார். கணினி இல்லை, பலகையும் காய்களும்தான். ஜெயித்தால் பெயர் ஆடியவருக்கு. பத்தாண்டு இந்த வேலையை மனமொப்பிச் செய்ய, போட்டி மனம் உள்ள ஒரு கிராண்ட்மாஸ்டருக்குப் பெரிய நெஞ்சு வேண்டும்.

நீண்ட பிற்பகல்

1965இல் போட்டி ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். 1976இல் ஹங்கேரிக்குத் திரும்பி புடாபெஸ்டில் குடியேறினார். மாஸ்கோவில் நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இங்கேதான் அவருடைய நீண்ட ஆயுள் செஸ்ஸுக்கே ஒரு சொத்தானது. லாஸ்கர், கபாபிளாங்கா, அலெகைன் இவர்களோடு நேரில் ஆடியவர் ஒருவர், கணினி செஸ் காலத்திலும் உட்கார்ந்து அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். புத்தகத்தில் படித்ததை அல்ல, எதிரே உட்கார்ந்து பார்த்ததைச் சொன்னார். இளம் ஆட்டக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் அவர் வீட்டைத் தேடிப் போனார்கள்.

பாபி ஃபிஷரும் போனவர்களில் ஒருவர். 1992இல் ஸ்பாஸ்கியோடு ஃபிஷர் மறுபடி ஆடியபோது அங்கே வந்திருந்த லிலியந்தாலைக் கண்டதும், ஹேஸ்டிங்ஸ் 1934-35, இ5 சிப்பாய் எஃப்6இல் வெட்டுகிறது என்று அந்த நகர்த்தலைச் சொல்லியே வரவேற்றாராம். பின்னர் புடாபெஸ்டில் ஃபிஷர் தங்கியிருந்த ஆண்டுகளில் இருவரும் நண்பர்கள். யாரையும் எளிதில் நம்பாத ஃபிஷர், கிழவர் லிலியந்தாலிடம் ஒட்டிக்கொண்டது சும்மா இல்லை. ஃபிஷர் படித்து வளர்ந்த பழைய செஸ்ஸின் ஆள் அப்போது உயிரோடு எதிரே இருந்தார்.

பழைய 27 பேரில் ஒவ்வொருவராக மறைந்தார்கள். நைடார்ஃப் 1997, பிரான்ஸ்டைன் 2006. கடைசியில் லிலியந்தாலும், 1938 முதல் நண்பராக இருந்த ஸ்மிஸ்லோவும் மட்டும் மிஞ்சினார்கள். 2010 மார்ச் 27 அன்று ஸ்மிஸ்லோவ் இறந்தார். லிலியந்தால் மே 5 அன்று 99 வயதைத் தொட்டு, மூன்று நாள் கழித்து, மே 8 அன்று புடாபெஸ்டில் இறந்தார். அப்போது சோஃபியாவில் நம் விஸ்வநாதன் ஆனந்த், தொபலோவை எதிர்த்து உலகப் பட்டத்தைத் தக்கவைக்கப் போராடிக்கொண்டிருந்தார். மே 11 அன்று கறுப்புக் காய்களோடு கடைசி ஆட்டத்தை வென்று தக்கவைத்தார்.

லிலியந்தாலுக்குப் பின் உலகின் மூத்த கிராண்ட்மாஸ்டர் என்ற இடம் மாஸ்கோவின் யூரி அவெர்பாகுக்குப் போனது. அவர் 1952இல் பட்டம் பெற்றவர், 2022 மே 7 வரை 100 ஆண்டு வாழ்ந்தார்.